அஞ்சு மணி ஆமென்

“ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி நீங்கதான் சாட்சி சொல்றீங்க. மறுத்துப் பேசக் கூடாது, ஆமா!” என்றார் போதகர், பேக்கரிக்குள் நுழைந்த வேகத்திலேயே.

தட்டில் பன் மாவு உருண்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த பேக்கரிக்காரரின் கை அப்படியே நின்றது. கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சட்டென்று குனிந்து, தரையில் இல்லாத எதையோ தேட ஆரம்பித்தாள். சிரிப்பை மறைக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

“நானா? எதுக்குங்கய்யா?”

“எதுக்கா? தினம் காலையில அஞ்சு மணிக்கு நம்ம சபை வாட்ஸ்அப் குழுவுல வேத பகுதி வருது. அறுபது பேர் இருக்காங்க. முதல் ஆமென் யாரோடது? உங்களோடது! பத்து மாசத்துல ஒரு நாள் தவறினது உண்டா? ஒரு நிமிஷம் பிந்தினது உண்டா? எப்படி இவ்வளவு உறுதியா நிக்கிறீங்கன்னு மத்தவங்களுக்கும் சொல்லுங்க.”

பேக்கரிக்காரர் தட்டிலிருந்த உருண்டைகளை எண்ண ஆரம்பித்தார்.

விஷயம் இதுதான். ஐந்து மணி என்றால் அவருக்கு முதல் ஈடு ரொட்டி அடுப்புக்குள் போகிற நேரம். முழங்கை வரைக்கும் மாவு. போனை எங்கே தொடுவது? ஜனவரியில் ஒரு நாள் மருமகனிடம் இதைச் சொல்லிப் புலம்பினார். அவன் போனை வாங்கி நாலு தட்டுத் தட்டி, குழுவில் போதகரிடமிருந்து எது வந்தாலும் அடுத்த நொடியே ‘ஆமென், ஐயா’ என்று தானாகப் பதில் போகும்படி செய்துவிட்டான். வந்ததை அப்புறம் படித்துக்கொள்ளலாம் என்றுதான் இவர் நினைத்தார். அந்த அப்புறம் பத்து மாதமாக வரவே இல்லை.

“அதை விடுங்க. சபை மோட்டார் எரிஞ்சுபோச்சுன்னு ஒரு நாள் போட்டேனே, அதுக்கும் ஆமென்னு போட்டீங்க பாருங்க! நஷ்டத்துலயும் நன்றி சொல்ற மனசு யாருக்கு வரும்? அன்னைக்கு எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு” என்றார் போதகர்.

கல்லாவுக்குக் கீழிருந்து ஒரு தும்மல் சத்தம் வந்தது. அது தும்மல் இல்லை என்பது பேக்கரிக்காரருக்குத் தெரியும்.

“ஐயா, சாட்சியெல்லாம் வேற யாராவது…”

போதகர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் தணிந்தது.

“உங்ககிட்ட மட்டும் சொல்றேன். ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுல படுத்திருந்தேன்ல, அப்போ மனசு ரொம்ப விட்டுப்போச்சு. ஜெபம் பண்ணக்கூடப் பிடிக்கலை. ஊழியமே வேண்டாம்னு தோணுச்சு. கண்ணு முழிச்சு போனைப் பார்த்தா உங்க ஆமென் நிக்கும். அனல்ல வெந்துக்கிட்டு இருக்கிற மனுஷனே விடலையே, நமக்கு என்ன கேடுன்னு வேதத்தை எடுப்பேன். அதுதான் என்னை எழுப்பி உட்கார வெச்சது.”

பேக்கரிக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் இந்த நல்ல மனிதர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் ஆலயத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்ல வேண்டும். அதுவும் யார் முன்னால்? ஆபரேஷன் அன்றுகூட ஐந்து மணிக்கு டாண் என்று வேத பகுதி அனுப்பியவர் முன்னால்!

“ஏங்க, சொல்லிடுங்க” என்றாள் மனைவி. இப்போது அவள் சிரிக்கவில்லை.

அவர் தலையைக் குனிந்துகொண்டு மருமகன் தட்டிய தட்டிலிருந்து மோட்டார் ஆமென் வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்பித்தார். கடைசியில், “என்னை மன்னிச்சிருங்கய்யா. உங்களை ஏமாத்திட்டேன்” என்றார்.

போதகர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பத்து மாசத்துல ஒரு நாள்கூட வாசிக்கலையா?”

“இல்லைங்கய்யா.”

“ஆசையாவது இருக்கா?”

“ஆசை இல்லாமலா? சத்தியமா இருக்குங்கய்யா. ஆனா அந்த நேரத்துல கையெல்லாம் மாவு.”

“காதுல மாவு இல்லையே?” போதகர் எழுந்து அவர் தோளில் கை வைத்தார். “நாளைக்குக் காலையில நானே இங்க வந்துடுறேன். நீங்க பாட்டுக்கு மாவைப் பிசைங்க. நான் சத்தமா வாசிக்கிறேன். புரியலைன்னா கேளுங்க, பேசுவோம். தினமும் வர்றேன்.”

பேக்கரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாவுக் கையோடு துடைத்ததில் முகமெல்லாம் வெள்ளை.

“ரொம்ப சந்தோஷங்கய்யா!” என்றாள் மனைவி. “உங்களுக்கும் சிரமம் இல்லை பாருங்க. அஞ்சு மணிதான் நீங்க வழக்கமா முழிச்சிருக்கிற நேரமாச்சே!”

போதகரின் காது மடல் சிவந்தது. வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

“அம்மா, ஒரு உதவி. நாலரை மணிக்கு எனக்கு ஒரு போன் போட்டு எழுப்பிவிட முடியுமா?”

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

போதகர் தன் போனை எடுத்துக் கல்லா மேல் வைத்தார்.

“நான் எழுந்திருக்கிறதே ஏழரைக்குத்தான். வருஷத்துக்கான பகுதி மொத்தத்தையும் ஜனவரியிலேயே என் பொண்ணு இதுல ஏத்தி வெச்சுட்டா, அது பாட்டுக்கு அனுப்பிக்கிட்டு இருக்கு. இந்தப் பத்து மாசமும் அஞ்சு மணிக்கு ஒழுங்கா ஐக்கியத்துல இருந்தது உங்க போனும் என் போனும்தான்!”