திரையின் நடுவில் ஒரு பொட்டு

ஞாயிற்றுக்கிழமை மதிய வெயில் ஜோகுபாளையத்து வாடகை வீட்டின் ஜன்னல் கம்பிகளைத் தரையில் கோடுகோடாய்ப் போட்டிருக்கிறது. தணிகைவேலன் கணினி விளையாட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறான். அவன் மவுஸை நகர்த்தும்போதெல்லாம் சுவரும் படிக்கட்டும் வானமும் சேர்ந்து சுழல, வயிறு புரட்டிக்கொண்டு மேலே வருகிறது. ஓடுவதை நிறுத்தி, பக்கத்திலிருக்கும் எலுமிச்சம்பழத்தை எடுத்து ஆழமாக முகர்கிறான். மின்விசிறி கிரீச்சிடுகிறது. "என்னப்பா, அங்கயே நின்னுட்ட? என் பின்னாடியே வா" என்கிறாள் ஹெட்போனில் மகள் இனியா, வேலூரில் தன் அம்மாவின் வீட்டிலிருந்து. அப்பாவும் மகளும் சேர்ந்திருப்பது வாரத்தில் இந்த ஒரு மணி நேரம்தான். தலை சுற்றுகிறது என்றால் அவள் நிறுத்திவிடுவாள். அதனால் அவன் சொன்னதே இல்லை. திரையின் நடுவில் ஏதாவது ஒரு புள்ளியை வைத்து அதையே பார்த்தால் சுற்றாது என்று அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். மனைவி பிரிந்து போகும்போது குளியலறைக் கண்ணாடியில் விட்டுப்போன அரக்குப் பொட்டைத்தான் அவன் பெயர்த்தெடுத்து, பசை காய்ந்திருந்ததால் சோற்றுப் பருக்கை தேய்த்து, திரையின் நடுவில் ஒட்டியிருக்கிறான். பொட்டின் மேல் கண்ணை நிறுத்தி மறுபடி நடக்கிறான். முன்னால் ஓடிய இனியாவின் சுருட்டைமுடிப் பொம்மை அவனைத் தேடித் திரும்பி வந்து, முகத்துக்கு நேரே நிற்கிறது. பொட்டு சரியாக அதன் நெற்றியில் விழுகிறது. அவன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுகிறான். சுழன்றதெல்லாம் அடங்கிவிடுகிறது. "ஏம்ப்பா அசையவே மாட்டேங்கற?" "ஒண்ணுமில்ல கண்ணு. கொஞ்ச நேரம் அப்டியே என்னப் பாத்து நில்லு."