சக்கர நாற்காலி வரைந்த இடம்

காரிலிருந்து துள்ளி இறங்கிய அந்த மனிதர், வழியில் நின்ற பிளாஸ்டிக் கூம்பைக் காலால் ஓர் எத்து எத்தினார். அது உருண்டு போய்ச் சுவரில் மோதியது. மறுபடி ஏறி, தரையில் சக்கர நாற்காலிப் படம் வரைந்திருந்த இடத்திலேயே காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

பூலோகம் ஓடி வந்தான். செம்பூரில் இருக்கும் அந்த ஆபீஸ் கட்டடத்தின் அடித்தள பார்க்கிங்குக்கு அவன்தான் வாட்ச்மேன். தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவன் என்றாலும் வாயைத் திறந்தால் திருநெல்வேலிதான்.

"யே ஹேண்டிகேப் கா ஜகா ஹை, சாப். காடி நிகாலோ."

ஊனமுற்றோர் இடம், வண்டியை எடு என்ற அந்த நெல்லை வாடை இந்தியைக் கேட்டதுமே மனிதர் தமிழுக்கு வந்துவிட்டார். "கொஞ்ச நேரத்துல எடுத்துருவேன். நீ போய் கேட்டைப் பாரு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாக அண்ணாச்சி. ஹேண்டிகேப் கார்டு வச்சிருக்கியளா?"

"எனக்கெதுக்குய்யா கார்டு?"

ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கையும் காலும் கல்லுப் போல இருந்தன. இஞ்சினை அணைக்கவும் இல்லை. கதவைத் திறந்துபோட்டுவிட்டு, வண்டிகள் இறங்கி வரும் சரிவையே பார்த்தபடி நின்றார்.

நேற்றுக் காலையும் இதே இடம்தான். பில்டிங் ஓனரின் சிநேகிதர் தன் பெரிய காரை இங்கே போட்டுவிட்டு லிஃப்டில் ஏறிப் போனார். பூலோகம் சலாம் வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னக் கார் வந்தது. பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் கையாலேயே இயக்குகிற மாதிரி மாற்றிய கார். ஓட்டி வந்த பெண் தன் பெயர் சாயிமா என்றாள். ஐந்தாம் மாடி ஆபீஸில் அன்றுதான் அவளுக்கு முதல் நாள்.

"மத்த எடத்துல போட்டா ரெண்டு பக்கமும் கார் நிக்கும்ணே. சக்கர நாற்காலிய நான் எப்படி இறக்குறது? இந்த எடம் எங்களுக்குன்னு விட்டதுதானே?"

பார்க்கிங் மேனேஜர் நகுலுக்குப் போன் போட்டான் பூலோகம். இது தனியார் இடம், வேண்டுமானால் ரோட்டில் போட்டுக்கொள்ளச் சொல் என்று சொல்லி நகுல் போனை வைத்துவிட்டார். பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகிற ரோட்டில் அவள் எப்படி இறங்குவாள்? கார்க் கண்ணாடியை ஏற்றப்போனவள், "நாளைக்காவது எடம் இருக்குமாண்ணே?" என்று கேட்டாள். பூலோகம் தலையாட்டினான். அவள் வந்த வழியே திரும்பிப் போனாள்.

ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இன்று டூட்டிக்கு வந்ததும் முதல் வேலையாக அங்கே கூம்பை வைத்தான். யார் வந்தாலும் விடுவதில்லை, வேலை போனாலும் போகட்டும் என்று ஒரு முடிவோடுதான் வைத்தான்.

"அண்ணாச்சி, மரியாதையாச் சொல்லுதேன். நடக்க முடியாதவங்களுக்குன்னு சட்டம் போட்டு வச்ச எடம் இது."

"அப்படியா? நேத்து எங்க போச்சு உன் சட்டம்?"

பூலோகத்துக்குச் சுருக்கென்றது. ஓனர் சிநேகிதரின் கதை கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது போலிருக்கிறது. அதைக் குத்திக்காட்டி, தானும் இடம் பிடிக்கப் பார்க்கிறார் இந்த ஆள்.

"நேத்து நடந்தது தப்புதான். அதுக்காவ இன்னைக்கும் நடக்கணுமா?"

"அதைத்தான் நானும் கேக்கேன்" என்றார் அவர். திமிரைப் பார் என்று பல்லைக் கடித்தான் பூலோகம். இதற்குள் அவருடைய போன் அடித்தது. காதில் வைத்துக்கொண்டு, சரிவில் ஏறி வெளியே போனார்.

பூலோகம் நகுலைக் கூப்பிட்டான். ஐந்தாம் மாடிக்காரர்கள் நேற்றே சத்தம் போட்டிருந்ததால், இன்று நகுல் மறுபேச்சில்லாமல் மஞ்சள் பூட்டோடு வந்தார். முன்சக்கரத்தில் பூட்டை மாட்டும்போது இஞ்சினின் அதிர்வு பூலோகத்தின் கையில் தெரிந்தது. நேற்றிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கினாற்போல் இருந்தது அவனுக்கு.

நகுல் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். சயானில் இன்னொரு கட்டடத்துக்குப் போகவேண்டுமாம். சாயங்காலம் வந்துதான் திறப்பாராம், அதுவரை கிடக்கட்டுமாம். பைக்கில் ஏறிப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

அந்த மனிதர் வேகவேகமாகச் சரிவில் இறங்கி வந்தார். அவருக்குப் பின்னாலேயே சாயிமாவின் சின்னக் கார் வந்து நின்றது.

இதற்குத்தான் காத்திருந்தவன் போல பூலோகம் குரலை உயர்த்தினான். "பாருங்க அண்ணாச்சி, இந்தப் புள்ளைக்குள்ள எடம் இது! எனக்கெதுக்குக் கார்டுன்னு இப்ப இது மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க பாப்போம்!"

மனிதர் சக்கரத்துப் பூட்டைக் கவனிக்காமல் நேரே போய்த் தன் காரில் உட்கார்ந்து கியரைப் போட்டார். கார் ஒரு குலுக்குக் குலுக்கி, இரும்பில் இரும்பு கிரீச்சிட நின்றுவிட்டது. மீண்டும் ஒருமுறை முயன்றார். நகரவில்லை.

பின்னால் நின்ற காரிலிருந்து சாயிமா தலையை நீட்டினாள்.

"நான்தான் வந்துட்டேன்ல வாப்பா, இன்னும் ஏன் எடத்தப் புடிச்சு வச்சிட்டிருக்கீங்க?"