மடை கட்டிய நாள்

சார்லஸ் பக்கத்தில் போனதும் கழிப்பறையின் மூடி தானாகத் திறந்துகொண்டது. பேறுகாலம் பார்த்தவரைப் போலப் பூரித்துப்போய் அவர் கேமரா பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா நேயர்களே, கையே படல!"

நேரலை. 'பாகூரில் ஒரு ஜப்பான்' என்று சேனலில் தலைப்பு வேறு ஓடிக்கொண்டிருந்தது.

இந்த சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் ரிசப்ஷனிஸ்ட். உட்கார்ந்தால் சூடாகும் இருக்கை, அலுப்புத் தட்டாமல் இருக்க வீணை இசை, எழுந்ததும் தானே பாயும் தண்ணீர், எல்லாவற்றையும் அவருக்கு விளக்கும் பொறுப்பு என்னுடையது. சிரித்த முகமாக விளக்கிக்கொண்டிருந்தேன்.

சார்லஸுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கு அவர் குரல் நன்றாக ஞாபகம் இருந்தது.

போன வருஷம் அவருக்கு எத்தனையோ முறை போன் போட்டிருக்கிறேன். இந்தக் கட்டடத்தின் கழிவுக் குழாயைப் பின்பக்கம் ஏரி வாய்க்காலில் விட்டிருக்கிறார்கள், அதை ஒட்டித்தான் எங்கள் வயல், அத்தனையும் அப்பாவின் நடவுக்குள் வருகிறது, ஒரு தடவை வந்து படம் எடுங்கள் என்று கெஞ்சினேன்.

"நாத்தம் டிவியில தெரியாதும்மா. விஷுவலா எதுனா இருந்தா சொல்லு" என்று வைத்துவிட்டார்.

நடவுப் பெண்களுக்கு நாற்றம் தெரிந்தது. கலியம்மாளும் அவள் கூட்டி வந்த ஆட்களும் வரப்போடு திரும்பிப் போனார்கள். பீத்தண்ணியில் இறங்கிவிட்டு எந்தக் கையால் சோறு தின்பது என்று அவள் கேட்டதில் தப்பில்லை. ஊரே பச்சையாக இருக்க, எங்கள் வயல் மட்டும் தரிசாகக் கிடக்கிறது. அப்பா இப்போது தெருவில் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஒருநாள் நியாயம் கேட்க கேட் வரை வந்தார். உள்ளே விடவில்லை. மேனேஜர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காபி குடித்துக்கொண்டே, "இவங்களுக்கு வேற வேலையே இல்ல" என்றார். வெயிலில் நிற்பது என் அப்பா என்று அவருக்குத் தெரியாது. 

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இவர்களைச் சும்மா விடுவதில்லை என்று.

ஏரித் தண்ணீர் பாய்ச்ச எங்கள் முறை வரும் நாளில் மண்ணும் வைக்கோலும் போட்டு வாய்க்காலை மறித்து, தண்ணீரை வயலுக்குத் திருப்புவோம். மறித்தால் தண்ணீர் ஏறிக் குழாயின் வாய் மூழ்கிவிடும். அப்பா பயிர் வைத்திருந்த காலத்தில், மடை கட்டிய நாளெல்லாம் இந்தக் கீழ்த்தளக் கழிப்பறையில் ஒரு சொட்டு இறங்காது. மெஷின் கோளாறு என்று ஆளைக் கூப்பிடுவார்கள். எனக்கு மட்டும் காரணம் தெரியும். டிவிக்காரர்களுக்கு நாள் குறிக்கும் வேலை என்னிடம் வந்தபோது, எங்கள் முறை நாளாகப் பார்த்துக் குறித்தேன்.

முறைக்காரர் கட்டிய மடையைப் பொழுது சாயும்வரை வேறு யாரும் தொடக் கூடாது. அது ஊர்க் கட்டுப்பாடு.

சார்லஸ் சென்சாருக்கு நேராகக் கையை ஆட்டினார். தண்ணீர் பாய்ந்தது. இறங்கவில்லை. மெல்ல ஏறியது. அவர் பின்னால் நகர, ஆள் எழுந்துவிட்டதாக நினைத்து மெஷின் மறுபடியும் தண்ணீரை விட்டது. வீணை அதுபாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. விளிம்பைத் தாண்டி அவருடைய ஷூவில் வழிந்தது வெறும் தண்ணீர் இல்லை.

நாற்றம் டிவியில் தெரியாது என்றவரின் மூஞ்சியில் அது நன்றாகவே தெரிந்தது. ஊரே பார்த்திருக்கும். எனக்கு வயிறு குளிர்ந்தது.

குழாய் மூழ்கிக் கிடப்பதைப் பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மேனேஜர் பதறிப்போய் என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார். நீ உள்ளூர்தானே, அந்த ஆளிடம் பேசு என்றார்.

அப்பா மண்வெட்டியோடு மடைமேல் நின்றிருந்தார். வரப்பெல்லாம் செதுக்கி மண் அணைத்திருந்தது. கடன் சொல்லி வாங்கிய நாற்றுக்கட்டுகள் வரிசையாக இருந்தன. ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், பூ. தூக்குவாளியில் டீ.

"பெரியவரே, கொஞ்ச நேரம் தொறந்து வுடுங்க" என்று மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார். இன்னிக்கி எங்க நடவு. ஆளுங்க வர்ற நேரம்."

அப்பா சிரித்தார். எத்தனை மாதத்துக்கு அப்புறம் பார்க்கிறேன் அந்தச் சிரிப்பை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா அருளு, கலியம்மா செட்ட இன்னும் காணம்? வர்றேன்னு ஒத்துக்கினாங்கன்னு சொன்னியே?"

மேனேஜர் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். வேலை போனால் போகட்டும்.

வீம்புக்கு மடை கட்டு என்றால் அப்பா கட்டமாட்டார். ஏரித் தண்ணீரை வீணாக்குவது பாவம் என்பார். கலியம்மாளிடம் நான் பேசவே இல்லை.

"வந்துருவாங்கப்பா" என்றேன்.