மாத்திரை வாங்கப் போனவள்

"ஏட்டி, பிள்ளையைத் தொடாத!"

மாமியார் சுபைதா பேகம் போட்ட சத்தத்தில் ஆபிதா பீவியின் கை தொட்டிலுக்கு மேலேயே நின்றுவிட்டது. உள்ளே கைக்குழந்தை பாலுக்குச் சிணுங்கியது.

"ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில டிபி மாத்திரை வாங்குத வரிசையில நின்னியாமே? பக்கத்து வீட்டு உலகம்மா பாத்துட்டு வந்து சொல்லுதா. உள்ளதா, இல்லியா?"

ஆபிதா கணவன் அகமது மீரானை ஒரு முறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "உள்ளதுதான் மாமி."

"எத்தனை நாளா மறைச்சு வச்சிருக்கே?"

"ரெண்டு மாசமா. ஆறு மாசம் விடாம முழுங்கினா சுத்தமா கொணமாயிரும்னு டாக்டர் சொல்லுதாரு."

"அல்லாவே! அடுத்த மாசம் ஃபஹ்மிதாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா எம்மவ வாழ்க்கை என்னாவது? ஓஹோ, உன்னை நெனச்சுத்தான் எம்மவன் பாதியா எளைச்சுப் போனானா!"

மாமியார் அலமாரியைக் குடைந்து மாத்திரைப் பொட்டலத்தை எடுத்தாள். முற்றத்தில் விட்டெறிந்தாள்.

"இதைத் தூக்கிக்கிட்டு சாத்தான்குளத்துல உங்க உம்மா வீட்டுக்கே போ. பிள்ளை இங்கன இருக்கட்டும். நோய்க்காரிகிட்ட பச்சைப் பிள்ளையைக் குடுக்க மாட்டேன்."

மீரான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினான். தோள்கள் குலுங்கின.

கதவோரம் நின்று ஃபஹ்மிதா விம்மினாள். "அழாத புள்ள, உனக்கு எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றாள் ஆபிதா. சிதறிய மாத்திரைகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். தொட்டில் பக்கம் பார்க்காமலே படியிறங்கினாள்.

அவளுடைய துணிப் பையைத் தூக்கிக்கொண்டு மீரான் பின்னாலேயே வந்தான். இருவரும் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார்கள். பால் கட்டி அவளுக்கு நெஞ்செல்லாம் வலித்தது.

"இப்பவே போயி உம்மாகிட்ட பேசிடுதேன், ஆபிதா."

"வேண்டாம். ஃபஹ்மிதா நிக்காஹ் முடியட்டும்."

கட்டபொம்மன் பஸ் வந்து நின்றது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, மாத்திரைகளை அவன் சட்டைப் பையில் போட்டாள். படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"பிள்ளை முகத்துக்கு நேரா இருமிராதீங்க, மச்சான்."