காபி கொடுக்காதீங்க!

“யோவ், நீயெல்லாம் ஒரு அப்பனா?”

துரைக்கண்ணு மைக்கில் கேட்டதும் கல்யாண மண்டபம் மொத்தமும் ராஜவேலுவைத் திரும்பிப் பார்த்தது.

திருத்தணியில் அன்று சமூக வேலை வழிகாட்டு மன்றத்தின் வேலைவாய்ப்பு முகாம். மன்றத் தலைவர் துரைக்கண்ணு, பொதட்டூர்பேட்டை லுங்கியை மொத்தமாக வாங்கி விற்பவர். மேடையில் இருந்த எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் பாதிக் காலை போய்விட்டது. மிச்சப் பொழுதில்தான் பிள்ளைகளுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ராஜவேலு செய்த குற்றம் இதுதான். போன முகாமில் அவர் மகள் துர்காவை ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனி ஒன்று வேலைக்கு எடுத்தது. அவள் இன்னும் போய்ச் சேரவில்லை. இங்கே மேடைக்குப் பின்னால் ‘தேர்வான அனைவரும் பணியில்!’ என்று பெரிதாகப் பேனர் கட்டியாகிவிட்டது. துர்கா ஒருத்தியால் அந்தப் பேனர் பொய்யாகிக்கொண்டிருந்தது.

“மேல வாய்யா! பொண்ணையும் கூட்டிக்கினு வா!”

இருவரும் மேடையேறினார்கள்.

“ஏம்மா, உனக்கு வேலைக்குப் போக இஷ்டமில்லையா?”

“இஷ்டம்தாங்க. திங்கக்கிழமைக்குள்ள சேரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவோம்னு சொல்லிக்கினு இருக்காங்க.”

“அப்ப யார் தடுக்கறது? அப்பாதானே?”

துர்கா அப்பாவைப் பார்த்தாள்.

“அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்குங்கய்யா,” என்றார் ராஜவேலு. “பெரிய எடம். கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போகக்கூடாதுன்னு கண்டிஷன் போட்டுட்டாங்க. அவங்களை மொறைச்சுக்கினா ஒறவுல ஒருத்தரும் நம்ம வாசப்படி மிதிக்க மாட்டாங்க. அதான்…”

துரைக்கண்ணுவுக்கு முகம் சிவந்தது. இப்படி ஒரு வாய்ப்புக்காகத்தான் அவர் காலையிலிருந்து காத்திருந்தார்.

“ஒரு பொண்ணு வேலைக்குப் போனா ஒரு குடும்பம் நிமிரும். நூறு குடும்பம் நிமிர்ந்தா திருத்தணி நிமிரும். திருத்தணி நிமிர்ந்தா மாவட்டமே நிமிரும்! இதுக்குக் குறுக்க நிக்கறானே ஒரு காட்டுமிராண்டி, எவன்யா அவன்? பேரைச் சொல்லு!”

“வேணாங்கய்யா.”

“பயப்படாத, சொல்லு. இங்கயே கிழிச்சிடறேன்!”

“சபையில வேணாங்கய்யா. நல்லாருக்காது.”

“பாத்தீங்களா? இந்தப் பயம்தான் நம்ம சமூகத்தைப் பின்னுக்கு இழுக்குது!” கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். “ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. அந்த ஆளு பொண்ணு பாக்க வந்தா வாசலோட அனுப்பு. ஒரு வாய் காபி கொடுக்காத!”

கைதட்டல் அடங்கவே கொஞ்ச நேரமானது.

ராஜவேலு தயங்கித் தயங்கிக் கேட்டார். “அப்படி அனுப்பிட்டா, நாளைக்கு ஊர்ல நாலு பேர் ஏன்னு கேப்பாங்களே?”

“எவன் கேட்டாலும் துரைக்கண்ணு சொன்னான்னு என் பேரைச் சொல்லு. மீதிய நான் பாத்துக்கறேன்!”

“நெசமாத்தாங்களா?”

“மைக்குல சொல்றேன்யா! நாளைக்குப் பேப்பர்லயும் வரும்.”

போட்டோ எடுத்தார்கள். ராஜவேலுவுக்கும் ஒரு பொன்னாடை விழுந்தது. அவர் துரைக்கண்ணுவைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு மகளோடு இறங்கினார்.

சாயங்காலம் துரைக்கண்ணுவின் கார் சென்னை ரோட்டில் கனகம்மாசத்திரத்தை நோக்கிப் போனது. மகன் தணிகைவேலுக்குப் பெண் பார்க்கும் படலம். பெண் யார், யார் வீடு என்பதெல்லாம் மனைவி பிரேமாவும் தரகரும் பார்த்துக்கொண்டார்கள். துரைக்கண்ணு போட்டோவைக்கூடப் பார்க்கவில்லை. பொதுக் காரியத்தில் இருப்பவருக்கு வீட்டுக் காரியத்துக்கு ஏது நேரம்? வழியெல்லாம் காலைப் பேச்சின் வீடியோவை ஒவ்வொரு குரூப்பாக அனுப்பிக்கொண்டே வந்தார்.

கார் ஒரு ஓட்டு வீட்டின் முன் நின்றது. பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு பிரேமாவும் பின்னாலேயே மகனும் இறங்கினார்கள்.

“வாங்கம்மா, வாங்கய்யா,” என்று வாசலுக்கு வந்தவரைப் பார்த்ததும் துரைக்கண்ணுவின் கையிலிருந்த போன் நழுவிச் சீட்டில் விழுந்தது.

ராஜவேலு. தோளில் காலையில் போட்ட அதே பொன்னாடை.

உள்ளே உட்காரவைத்தார்கள். துர்கா வந்தாள். தட்டில் காபி இல்லை, மூன்று டம்ளர் தண்ணீர். பிரேமாவின் முகம் சுருங்கியது. இருந்தாலும் வந்த காரியத்தை விடவில்லை.

“தரகர் சொல்லியிருப்பாரே? எங்க வீட்டுக்காரர் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். எங்க மருமக கம்பெனி பஸ் ஏறக்கூடாது. அதுல அவர் ரொம்பக் கண்டிப்பு.”

“சொன்னாருங்கம்மா,” என்றார் ராஜவேலு. “அதனால இந்தச் சம்பந்தம் வேணாங்க. பொண்ணு திங்கக்கிழமை வேலைக்குப் போவுது.”

பிரேமா விருட்டென்று எழுந்தாள்.

“நேத்து வரைக்கும் ஆங் ஆங்னு தலையாட்டிட்டு, இன்னிக்கு வீட்டுக்கு வரவெச்சு, ஒரு வாய் காபிகூடக் கொடுக்காம அனுப்பறீங்களா? யாரைக் கூப்ட்டு வந்து அவமானப்படுத்தறீங்க, தெரியுதா? யார்யா உனக்கு இந்தப் புத்தியைச் சொல்லிக் கொடுத்தது?”

ராஜவேலு, தண்ணீர் டம்ளரையே முறைத்துக்கொண்டிருந்த துரைக்கண்ணுவின் பக்கம் மெல்லக் குனிந்தார்.

“காலையில சபையில வேணாம்னுதான் விட்டேன். இப்பப் பேரைச் சொல்லட்டுங்களாய்யா?”