தவளை வீட்டுக் கணக்கு

கத்தரித் தோட்டத்துக்கு எப்போது தண்ணீர் விடுவது என்பதை ஒரு கணக்குப் பெட்டிதான் முடிவு செய்யும். வெயில், காற்று, செடியின் வயது எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்க்கும். மண்ணின் ஈரத்தை மட்டும் முதல் வரிசையில் நட்டிருந்த ஓர் ஊசி அதற்குச் சொல்லும்.

அந்த ஊசிக்கு மேலே தொட்டிக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அதன் அடியில் ஒரு தவளை சுகமாகக் குடியிருந்தது.

ஒருநாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு மண்புழு பெட்டியிடம் ஊர்ந்து வந்தது.

“அண்ணே, அங்கே பூவெல்லாம் உதிருது. கொஞ்சம் தண்ணி விடுங்க.”

“ஈரம் போதும்னு கணக்கு சொல்லுது. சந்தேகம்னா தவளையைக் கேளு” என்றது பெட்டி.

“ஈரத்துக்கு என்ன குறைச்சல்?” என்றது தவளை.

“நீ கடைசி வரிசைக்கு வந்திருக்கியா?”

“எதுக்கு வரணும்? இங்கேயே நல்லாத்தானே இருக்கு.”

மண்புழு கடைசி வரிசைக்கே திரும்பி ஊர்ந்தது. அதன் உடம்பெல்லாம் புழுதி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் தவளைக்கு என்னவோ போலிருந்தது. அதுவும் கூடவே குதித்துக்கொண்டு போனது. திரும்பி வந்தபோது அதன் தோல் காய்ந்து சுருங்கியிருந்தது.

“உங்க கணக்குல தப்பே இல்லைண்ணே” என்றது பெட்டியிடம். “ஆனா இத்தனை நாளும் நீங்க கணக்குப் போட்டது தோட்டத்துக்கு இல்லை. என் வீட்டுக்கு.”

பெட்டி முதல் முறையாக ஊசியைக் கேட்காமல் மோட்டாரை ஓடவிட்டது.

தண்ணீர் கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்தது. போகிற வழியில் தவளையின் வீடு முழுகிப்போனது. தவளை கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து சாயங்காலம் வரை பாடிக்கொண்டிருந்தது.