மாரக்காளின் கை

மாரக்காளின் பசு ஐந்து நாளாகப் பாலை அடக்கிக்கொண்டிருந்தது. மடி கனத்திருந்தது; தீனியும் குறையவில்லை. மனித-விலங்கு உறவுத் துறை ஆய்வுக்காக நான் மாட்டிவிட்ட, பசுவின் குரலைச் சொல்லாக்கிப் பேசும் கழுத்துப்பட்டை, அவள் கறக்க உட்காரும்போதெல்லாம் ஒரே சொல்லைச் சொன்னது: "எங்கே?"

விற்றுவிட்ட கன்றைத்தான் பசு கேட்டது.

"வைக்கோல் கன்னு வச்சும் பாத்தாச்சு மேடம். அதை நக்கிட்டு மறுபடி என்னைத்தான் கேக்குது. வாயில்லா சீவன்னு வித்துப் பழகிட்டோம். நீங்க வந்து அதுக்கு வாய் வச்சிட்டீங்க" என்றாள் மாரக்காள்.

கறப்பவர் கை பதறினால் பசு பாலை விடாது. மாரக்காளின் விரல்களைப் பார்த்தேன், நடுங்கின. பசுவிடம் கோளாறே இல்லை.

பட்டையை நானே கழற்றினேன். பசு இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். காதில் விழாததால் மாரக்காளின் கை இளகியது, பால் இறங்கியது.